இரவல் போன துப்பாக்கிகள்

பக்கத்துப் பண்ணை எமில் ஷாட் வாசலில் பூட்ஸைத் தட்டிச் சேறு உதிர்க்கிற சத்தம் கேட்டதுமே மார்லா உருட்டுக்கட்டையை இறுக்கிப் பிடித்தாள். அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். வரச் சொன்னதே அவள்தான். இருந்தாலும் மாவு உருட்டும் கையை நிறுத்தாமல், "கதவு தொறந்துதான் கெடக்கு, வா" என்றாள், யாரோ வழிப்போக்கனைக் கூப்பிடுகிற மாதிரி.

எமில் உள்ளே வந்தான். கதவை மறைக்கிற உடம்பு. அந்த உடம்பில் பொய் சொல்வதற்கு மட்டும் இடம் கிடையாது. தொப்பியைக் கழற்றி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றான்.

அவள் புருஷன் ராய்ஸ் மேசையில் உட்கார்ந்திருந்தான். விடியுமுன்னே கன்று போடும் கொட்டகைக்குப் போனவன் இப்போதுதான் திரும்பியிருந்தான். விரல் நுனியெல்லாம் தொப்புள்கொடிக்குப் போடுகிற அயோடின் கறை. முன்னால் இருந்த காபி ஆறிப் போயிருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை.

"என்ன எமில், மொதக் கன்னு போட்ட கிடேரி மாதிரி முழிக்கிற?"

"நரித் தொல்ல தாங்கலப்பா" என்றான் எமில். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பான் போல, ஒரே மூச்சில் கொட்டினான். "நேத்து ஒரு கன்னோட வாலக் கடிச்சுட்டுப் போயிருக்கு. உங்கிட்ட தொலைநோக்கி வெச்ச ரைபிள் ஒண்ணு இருக்குல்ல, அத ஒரு வாரத்துக்கு இரவல் குடேன்."

"உன்னுதுக்கு என்னாச்சு? போன வருசந்தான வாங்குன?"

"அது... குறி ஒரு பக்கமா இழுக்குது."

"துப்பாக்கி இழுக்குதா, நீ இழுக்குறியா?" என்று ராய்ஸ் கேட்டான். சிரிப்பு உதட்டில் வந்தது, கண் வரைக்கும் வரவில்லை. "திங்கக்கிழம உன் மச்சான் வந்தான். பேரனுக்கு வாத்து சுடக் கத்துக் குடுக்கணுமாம், இரட்டைக்குழல் வேணும்னான். மார்ச் மாசத்துல எந்த வாத்துடா இவனுக்காகப் பறக்குது? அப்புறம் தீயணைப்புக் கொட்டகைலேர்ந்து ஆள் வந்தாங்க. பழைய துப்பாக்கியெல்லாம் காட்சிக்கு வெக்கிறாங்களாம், எங்கப்பா ரைபிளையும் கைத்துப்பாக்கியையும் எடுத்துட்டுப் போனாங்க. இப்ப நீ. இந்த ஊருக்கே ஒரே வாரத்துல துப்பாக்கிப் பஞ்சம் வந்துருச்சு, பாத்தியா மார்லா?"

மார்லா திரும்பவில்லை. முட்டைகோஸும் மாட்டிறைச்சியும் வதக்கி வைத்திருந்ததை அள்ளி மாவுக்குள் வைத்து மூடினாள். விளிம்பு ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினாள். "நரி நெறையத்தான் இருக்கு இந்த வருசம்" என்றாள்.

ஜன்னல் தகரத்தைக் காற்று ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு ராய்ஸ் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்த் துப்பாக்கி பீரோவைத் திறந்தான். கடைசியாக மீந்திருந்த ரைபிளை எடுத்துவந்து, உள்ளே தோட்டா இல்லை என்று எமிலுக்குத் திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தான். எமில் அதை வாங்கிக்கொண்டு கதவை நோக்கி ஏறக்குறைய ஓடினான்.

"எமில்."

"ம்?"

"தோட்டா வேணாமா? நரியக் கம்பால அடிக்கப் போறியா?"

எமிலின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. பெட்டியை வாங்கிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டான். "மார்லா, லியோனா உன்ன விசாரிச்சா" என்று சம்பந்தமில்லாமல் பெண்டாட்டியை இழுத்துச் சொல்லிவிட்டு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை மார்லா அதே விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் இரவல் என்பது சாதாரண விஷயமில்லை. டென்வர் நகரத்திலிருந்து கிழக்கே மலையெல்லாம் முடிந்து, மரமும் முடிந்து, கோதுமையும் மேய்ச்சல் நிலமுமாகப் படுத்துக் கிடக்கிற பூமி அது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மூன்று நான்கு மைல். டிராக்டர், கன்று இழுக்கிற சங்கிலி, காளை மாடு, பெரிய காபிப் பாத்திரம், எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள். எதற்கு என்று கேட்கமாட்டார்கள். வாங்கினவன் வாங்கினதைவிட நல்லபடியாகத் திருப்பிக் கொடுப்பான். கொடுத்தவன் வந்து நின்றால் அந்த நிமிஷமே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். எழுதி வைக்காத சட்டம் இது. எழுதி வைத்த சட்டங்களைவிட இதற்குத்தான் அங்கே மரியாதை.

மார்லா அதை நம்பித்தான் இந்தக் காரியத்தில் இறங்கினாள்.

இலையுதிர் காலத்திலிருந்தே ராய்ஸ் சரியில்லை. காரணம் என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாது. தோள்பட்டையில் அறுவை செய்துகொண்டான். மழை பொய்த்து மந்தையில் பாதியை விற்க வேண்டி வந்தது. இதைவிட மோசமான வருஷங்களையெல்லாம் கெட்ட வார்த்தையாலேயே சமாளித்தவன் அவன். இந்த முறை திட்டக்கூட இல்லை. அதுதான் மார்லாவுக்கு முதலில் உறைத்தது. ராத்திரி விழித்திருந்தான், காலையில் சாப்பாட்டைத் தள்ளினான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தன் நல்ல சேணத்தை எமிலின் மகனுக்குக் கொடுத்துவிட்டான். "எனக்கு இனி எதுக்கு?" என்றான். தோள் வலியைச் சொல்கிறான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் அவளைக் கிணற்று மோட்டார் அறைக்குக் கூட்டிப் போனான். குழாய் உறையாமல் இருக்க எந்த வால்வைத் திருப்ப வேண்டும், மோட்டார் நின்றுபோனால் எந்த சுவிட்சைத் தட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். பொறுமை என்பது அவனுக்குப் பிறவியிலேயே இல்லாத சங்கதி. கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது அவளை நடுரோட்டில் இறக்கி விட்டுவிட்டுப் போனவன்.

"நீதான் இருக்கியே, எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றாள் மார்லா.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுக்கு எப்போதோ போய்விட்டிருந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் பக்கத்து அறையில் இருந்த பீரோதான் கண்ணுக்குள் நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன் கண்ணாடியை வாராவாரம் துடைத்தவள் அவள். அதற்குள் இருப்பவற்றைக் கண்டு பயந்ததே இல்லை. அவளுமே மான் சுட்டவள்தான். இப்போது அந்த அறையைத் தாண்டிக் குளியலறைக்குப் போகக்கூடக் கால் கூசியது.

மகள் டானாவுக்குப் போன் போட்டாள். டானா டென்வரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் நர்ஸ். கேட்ட உடனே அவள் குரல் மாறிவிட்டது.

"அம்மா, நேரா கோர்ட்டுக்குப் போ. அதுக்குன்னே சட்டம் இருக்கு. வீட்ல இருக்குறவங்க நீதிபதிகிட்ட சொன்னாப் போதும், கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கியெல்லாம் எடுத்து வெச்சுக்குவாங்க. அப்பா நல்லானதும் திருப்பிக் குடுத்துருவாங்க. இதுல என்ன தப்பு?"

"எந்தச் சட்டம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும். அப்பா எதுத்துப் பேசின சட்டம்."

பேசியது மட்டுமா? அந்தச் சட்டம் வந்த வருஷம் மாவட்ட மண்டபத்தில் ஊரே கூடியது. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். ராய்ஸ் எழுந்து, "நான் தெளிவா இருக்கேனா இல்லையான்னு அளந்து பாக்க நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு ஆள் வரணுமா? எனக்கு ஒண்ணுன்னா கேக்க அக்கம்பக்கத்துக்காரங்க இருக்காங்க. அவங்களுக்குத் தெரியும் என்னை" என்றான். மண்டபம் அதிர்ந்தது. எமில் விசிலடித்தான். இந்தச் சட்டத்துக்காக எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டேன் என்று மாவட்டப் போலீஸுக்குத் தலைவரான ஷெரீஃபே மைக்கில் சொன்னார். மார்லா உள்ளங்கை எரியக் கைதட்டினாள். அன்றைக்கு அவள் கைதட்டியது வேஷமில்லை. புருஷன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பித்தான் தட்டினாள். இப்போதும் பாதிக்கு மேல் நம்பினாள், அதுதான் சிக்கல்.

"அக்கம்பக்கம்னா மருந்தாம்மா?" என்றாள் டானா. "இங்க எங்க வார்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அக்கம்பக்கம் இருந்துச்சு. மாத்திரைய முழுங்கிட்டு வர்றவங்களக் காப்பாத்திருவோம். துப்பாக்கின்னா எங்க வரைக்கும் வர்றதே இல்ல. உனக்கு மானம் பெருசா, அப்பா பெருசா?"

"நாக்க அடக்கிப் பேசு. ஷெரீஃப் வண்டி இந்த ரோட்ல திரும்புனா சாயங்காலத்துக்குள்ள கடத்தெரு முழுக்கப் பேச்சா இருக்கும். உங்கப்பா பேசுன பேச்சுக்கு, அவரு வீட்டுக்கே அந்தக் காகிதம் வந்தா? அந்த அவமானமே அவரக் கொண்டுபோயிரும்டி. உனக்கு அவரத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா?"

"நீ ஊரை விட்டுப் போயிட்ட."

அந்தப் பக்கம் டானா அழுவது கேட்டது. மார்லா போனை வைத்துவிட்டு, அடுப்பில் கருகிக்கொண்டிருந்த பீன்ஸை அணைத்தாள். மகள் சொன்னது சரி என்று ஒரு பக்கம் உறுத்தியது. அதனாலேயே கோபமும் அதிகமாக வந்தது.

மறுநாள் எமிலைத் தேடிப் போனாள். வேலி கட்டிக்கொண்டிருந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எமில் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, "நம்ம ராய்ஸா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "அவன் துப்பாக்கிய நான் போயி எடுக்குறதாவது... அது எப்படிம்மா முடியும்?"

"எடுக்க வேணாம். இரவல் கேளு. கேட்டா குடுப்பான்ல? ஒவ்வொருத்தரா வந்து ஒவ்வொண்ணாக் கேளுங்க. அவன் மானமும் போகாது, துப்பாக்கியும் போயிரும்."

எமில் வெகுநேரம் யோசித்தான். "நீ கெட்டிக்காரிம்மா" என்றான். மார்லாவுக்கும் அப்படித்தான் பட்டது. போலீஸ் இல்லை, நீதிபதி இல்லை, ஊருக்குத் தெரியாமல் ஊரே சேர்ந்து செய்கிற காரியம். ராய்ஸ் மண்டபத்தில் சொன்னதும் இதைத்தானே?

கடைசி ரைபிளும் போன அன்று, பச்சை வெல்வெட் தெரிய வெறுமையாக நின்ற பீரோவைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பே லேசானது. ராய்ஸ் இரண்டு ரொட்டி சாப்பிட்டான். "முட்டைகோஸ் கொஞ்சம் தூக்கல்" என்று குறையும் சொன்னான். குறை சொன்னதே அவளுக்குச் சந்தோஷம்.

அடுத்த சில நாட்கள் பனியும் காற்றும் போட்டி போட்டன. அந்தச் சமயம் பார்த்துத்தான் கிடேரிகள் கன்று போடும். ஒரு கிடேரிக்குக் கன்றின் ஒரு கால் மடங்கி வராமல் நின்றுவிட்டது. ராய்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டு மடங்கிய காலை நிமிர்த்தினான். மார்லா சங்கிலியைக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து, மாடு முக்கும்போது இழுத்து, அது விடும்போது விட்டு, கன்றை வைக்கோலில் இறக்கினார்கள். அது மூச்சு விடவில்லை. ராய்ஸ் அதன் மூக்கில் வைக்கோல் குச்சியை நுழைத்து ஆட்டினான். கன்று தும்மியது, தலையை உதறியது.

"பொழச்சுக்கிச்சு" என்றாள் மார்லா.

"அதுக்கு என்ன, யாராவது இழுத்துப் போட்டா பொழச்சுக்கும்" என்றான் ராய்ஸ். கன்றின் முதுகைச் சாக்கால் தேய்த்துக்கொண்டே சொன்னான், அவளைப் பார்க்காமல். ஆபத்து தாண்டிவிட்டது என்ற நினைப்பில் இருந்த மார்லா அதைக் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெயில் வந்தது. ராய்ஸ் முகம் மழித்துக்கொண்டு, மாடுகளுக்குத் தாது உப்பு வாங்கி வருகிறேன் என்று பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது அவள் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கையில் போன் அடித்தது.

"மார்லா" என்றான் எமில். மறுபடியும், "மார்லா" என்றான்.

"என்ன? சொல்லித் தொலை."

"ராய்ஸ் வந்தான். ரைபிள் எடுத்துட்டுப் போக வந்தேன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"குடுத்துட்டேன்."

"எமில்!"

"அவன் பொருளும்மா அது. அவன் வந்து நின்னு கேக்குறான். நான் என்னன்னு சொல்லட்டும்?"

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதான? தொலஞ்சு போச்சு, ஒடஞ்சு போச்சு, ஏதோ ஒண்ணு! வாயில வரலியா?"

"முப்பது வருசத்துல அவன் கேட்டு நான் ஒண்ணுக்கு இல்லன்னு சொன்னதில்ல. கை தானா போயிருச்சு. அவன் வண்டி கேட்டத் தாண்டுனப்புறம்தான் எனக்கு... லியோனா என்னப் போட்டுக் காச்சுறா. நான் என்னத்தச் செஞ்சேன் மார்லா? என்னத்தச் செஞ்சு வெச்சேன்?"

"தோட்டா?"

போனில் லியோனா கத்துவதுதான் கேட்டது.

"தோட்டாவுமா குடுத்த?"

"கேட்டான்" என்றான் எமில். அந்தப் பெரிய மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான்.

அவனை அடித்துக் கொன்றுவிடலாம் போல இருந்தது மார்லாவுக்கு. அடுத்த நொடியே, அவனைச் சொல்லி என்ன, இரவல் என்று ஆரம்பித்து வைத்தது யார் என்ற நினைப்பு வந்தது. இரவல் கொடுத்தவன் கேட்டால் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். இந்தப் பூமியில் பிறந்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே.

"எந்தப் பக்கம் திரும்புனான்?"

"வடக்க. தண்ணி எறைக்கிற காத்தாடிக்குப் போற ரோடு."

"ஷெரீஃபுக்குப் போன் பண்ணு. ஆம்புலன்ஸுக்கும் பண்ணு."

"ஷெரீஃபுக்கா?"

"ஆமா. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. சைரன் போடாம வரச் சொல்லு. மேய்ச்சக் கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும், நீயும் அங்கயே நில்லு. நான் கைகாட்டாம எவனும் உள்ள வரக்கூடாது."

கோட்டைப் பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டாள். அப்படியே காரில் ஏறினாள். பனி உருகி ரோடு களியாகக் கிடந்தது. சேறு இழுத்த பக்கமெல்லாம் கார் போனது. வெடிச் சத்தம் கேட்டால் தெரிய வேண்டும் என்று ஜன்னலை இறக்கிவிட்டாள். அப்புறம், கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஏற்றினாள். மறுபடி இறக்கினாள். கடவுளே, கடவுளே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கூடவே ராய்ஸைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். முகம் மழிச்சுட்டுப் போறான் பாரு, மகராசன், என்று சத்தமாகவே திட்டினாள். கண்ணீரில் ரோடு கலங்கித் தெரிந்தது.

மேய்ச்சல் நிலத்தின் மேட்டில் ஏறியதும் காற்றாடி தெரிந்தது. அதன் கீழே தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் பிக்கப். அதைச் சுற்றி மாடுகள். மந்தையில் மீந்திருந்த அத்தனையும். அந்த வண்டி வந்தால் தீவனம் வரும் என்பது அவற்றின் கணக்கு. வண்டியை முட்டிக்கொண்டு, கண்ணாடியை நக்கிக்கொண்டு, பசியில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. உள்ளே தலை தெரிந்தது. அது அசைகிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை.

காரை நிறுத்திவிட்டு நடந்தாள். மாடுகள் வழிவிடவில்லை. "தள்ளு, தள்ளு" என்று கையாலும் இடுப்பாலும் தள்ளினாள். ஒன்று அவள் காலை மிதித்தது. வலி தெரியவில்லை. கடைசி மாட்டின் கழுத்தைப் பிடித்து ஒதுக்கியபோது, கண்ணாடிக்குள் இருந்து ராய்ஸ் அவளைப் பார்த்தான்.

உயிரோடுதான் இருந்தான். மார்லா கதவின் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். கதவு பூட்டியிருந்தது. ரைபிள் அவன் மடியில் குறுக்கே கிடந்தது.

"தொற" என்றாள்.

அவன் கண்ணாடியை மட்டும் பாதி இறக்கினான். "இந்த மாடுங்க விடமாட்டேங்குது" என்றான். "வந்து நின்னதுலேர்ந்து கத்துது. நிம்மதியா ஒண்ணும் பண்ண விடல. தீவனம் எடுத்துட்டு வந்துருக்கணும்."

"வீட்ல இருக்கு. எடுத்துட்டு வந்து போடுவோம். தொற ராய்ஸ்."

அவன் திறக்கவில்லை. "எமில் குடுத்துட்டான்" என்றான்.

"தெரியும். போன் பண்ணான்."

"வழி நெடுக நெனச்சுட்டே போனேன். இவன் இல்லன்னு சொல்லிருவான், குடுக்கமாட்டான்னு. குடுக்கலன்னா சட்டயப் பிடிச்சு நாலு வார்த்த திட்டிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கலாம்னு. அவன் என்னடான்னா சட்டுனு உள்ள போயி எடுத்துட்டு வந்துட்டான். தொடச்சு எண்ணெ போட்டு வெச்சிருந்தான் மார்லா. இரவல் வாங்குனதுன்னு."

மார்லா கண்ணாடி விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். எட்டிப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தோன்றியது. அசையவில்லை.

"மார்ச் மாசத்துல வாத்து" என்றான் ராய்ஸ். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? எமில் மச்சானுக்கு ரெட்டைக்குழலு, காட்சிக்கு ரைபிளு. ஒவ்வொருத்தனா வந்து தொப்பியத் திருகிட்டு நின்னாங்க. குடுத்தேன். குடுக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஏன்டா ராய்ஸ் உனக்கு என்னடா ஆச்சுன்னு கேக்கல. நீயும் கேக்கல."

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு."

ராய்ஸ் முன்கண்ணாடி வழியாக மாடுகளைப் பார்த்தான். "ஆமாதான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அவள் இத்தனை நாளும் ஊரையே நடிக்க வைத்தாள். இப்போது அது வந்துவிட்டது. வந்தும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள், அவனும் எதிரில் இருந்தான்.

"சரி. இப்ப தொற" என்றாள்.

பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. மார்லா கதவைத் திறந்து, அவன் மடியிலிருந்து ரைபிளை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்து, தோட்டாவை வெளியே தட்டி, அது இல்லாமல் சுடவே முடியாத வெடிபூட்டையும் உருவி எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். இதெல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். வெற்று ரைபிளை வண்டியின் பின்தட்டில் வைத்தாள்.

ராய்ஸ் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே எமிலின் வண்டி நின்றது. அதன் பின்னால் ஷெரீஃபின் வண்டியும் வந்து, விளக்குப் போடாமல், சத்தமில்லாமல் நின்றது.

"ஷெரீஃபா அது?"

"நான்தான் கூப்பிட்டேன்."

"நீயா?"

"ஆமா, நான்தான். இந்தத் துப்பாக்கி இனி எமில் வீட்டுக்கும் போகாது, நம்ம வீட்டுக்கும் வராது. நீ எதுத்துப் பேசுன சட்டத்த வெச்சே நீதிபதிகிட்ட போறேன், டானாவும் அதத்தான் சொன்னா. இப்ப உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். திங்கக்கிழம அங்க."

"ஊரே சிரிக்கும். நான் மண்டபத்துல பேசுனதுக்கு..."

"சிரிக்கட்டும். நீ பேசுன, நான் கைதட்டுனேன். ரெண்டு பேருமா சேந்து முழுங்கிக்குவோம்."

ஒரு மாடு திறந்த கதவுக்குள் தலையை நீட்டி அவன் முழங்காலை மோந்து பார்த்தது. மார்லா அதைத் தள்ளிவிட்டாள்.

"மார்லா."

"சொல்லு."

"அதக் குடு."

அவன் கையை நீட்டியிருந்தான். விளையாட்டா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை.

"மாட்டேன்."

"அது என்னோடது."

"உன்னோடதுதான். குடுக்க மாட்டேன்."

"நாளைக்குக் கேட்டா?"

"மாட்டேன்."

"நல்லாயிட்டேன்னு சொல்லிக் கேட்டா? சத்தம் போட்டா? உன்ன விட்டுட்டுப் போறேன்னு சொன்னா?"

"எப்படிக் கேட்டாலும் இல்லதான் ராய்ஸ். திட்டிக்கோ. சட்டயப் பிடிச்சுக்கோ. நான் குடுக்க மாட்டேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு ராய்ஸ் அழுதான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் கேட்டின் பக்கம் திரும்பி, வரலாம் என்று கைகாட்டினாள். அவன் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை விட்டு அந்தப் பக்க இருக்கைக்கு நகர்ந்து, ஓட்டுவதற்கு அவளுக்கு இடம் விட்டான்.